சாவியக்கா எடுத்த லீவு

எங்கள் அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸுக்குச் சாவியக்கா என்று பெயர் வைத்தது நாங்கள்தான். மருந்து அலமாரி, துணி அலமாரி, சக்கர நாற்காலிகளை நிறுத்தும் அறை, ஏன், நாங்கள் டீ போட்டுக் குடிக்கும் அறைக்குக்கூட சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். ஆள் வருமுன் சத்தம் வரும். உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் சட்டென்று எழுந்து, ஏற்கெனவே மடித்து வைத்த துணியை இன்னொரு தடவை மடிப்போம்.

பத்தொன்பது வருஷமாக அந்த வார்டு அவருடையது. ஒருத்தி விரித்த படுக்கையை உருவிப்போட்டு மறுபடி விரிப்பார். டாக்டர் எழுதிய மருந்தை நான் ஒருமுறை சரிபார்த்தால் அவர் இரண்டு முறை சரிபார்ப்பார். "உங்களை நம்பி விட்டா அவ்வளவுதான்" என்பது அவர் வாயில் காலை வணக்கம் மாதிரி. திட்டு வாங்காத நாள் எங்களுக்கு உடம்பு சரியில்லாத நாள்தான்.

அந்த மனுஷிக்கு ஓர் ஆசை இருந்தது. துணைக் கண்காணிப்பாளர் நாற்காலி காலியாகப் போகிறது என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அதில் உட்கார வேண்டுமென்றால் நர்ஸுகளுக்கு நடத்தும் தலைமைப் பயிற்சிக்குப் போய் வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓர் இடம்தான். முதல் தடவை சாவியக்கா பெயர் கொடுத்தபோது, "நீங்க போயிட்டா வார்டை யாரு பாப்பாங்க?" என்று கேட்டுச் சிரித்தார் கண்காணிப்பாளர். சாவியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாம் தடவையும் அதே கேள்வி, அதே சிரிப்பு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூன்றாம் தடவை அவர் பெயர் கொடுக்கவில்லை. கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அறிவிப்புப் பலகையில் குருவியின் போட்டோவை ஒட்டினார்கள்.

குருவி என்பதும் நாங்கள் வைத்த பெயர்தான். சின்ன உருவம், ஓர் இடத்தில் நிற்காத கால். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஊசியைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியவள். அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நோயாளி நடுங்கலாம், நீ நடுங்கக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்ததே சாவியக்காதான். அதே குருவி இப்போது கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் புதுப் பையுமாக வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சிக்குக் கிளம்பினாள். சாவியக்கா அறிவிப்புப் பலகை இருக்கும் நடைபாதையை விட்டுவிட்டு, எக்ஸ்ரே அறையைச் சுற்றிக்கொண்டு வார்டுக்கு வர ஆரம்பித்தார்.

"நாற்காலியை வட்டமா போட்டு உக்காந்து பேசிட்டு வர்றது ஒரு படிப்பா? நாங்க நின்னுக்கிட்டே கத்துக்கிட்டவங்க" என்பார் எங்களிடம். சொல்லும்போது காதிலிருந்து புகை வராத குறைதான்.

எனக்கும் பொறாமை இருந்தது, இல்லாமல் என்ன? நான் குருவிக்கு முன்னால் சேர்ந்தவள். ஆனால் என் பொறாமை சோம்பேறி. ஒரு டீ குடித்தால் படுத்துவிடும். சாவியக்காவின் பொறாமை அவரைப் போலவே, ஓய்வென்று உட்காராது.

குருவி சும்மா இருந்திருந்தால் தேவலாம். பயிற்சியிலிருந்து வந்ததும் வராததுமாக, காலையில் ஐந்து நிமிஷம் எல்லாரும் நின்று பேசலாமா என்று கேட்டாள். மனசை உறுத்துவதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா, குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்குகிறது, நோயாளிகள் வழுக்கி விழப் போகிறார்கள் என்றார். மறுநாளே ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். அந்த அம்மா அன்று முழுக்க ராணி மாதிரி நடந்தார்.

"இதை நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார் சாவியக்கா. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பயிற்சியின் கடைசிப் பகுதியாக, போனவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வார்டை இரண்டு நாள் தனியாக நடத்திக் காட்ட வேண்டும். அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த வார்டு என்று கண்காணிப்பாளர் யோசித்துக்கொண்டிருந்தபோது சாவியக்காவே முன்னால் வந்தார்.

"எங்க வார்டையே எடுத்துக்கட்டும் மேடம். நான் லீவு போட்டுக்கறேன்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மகள் கல்யாணத்துக்கே மதியம் டூட்டி முடித்துவிட்டுப் போன மனுஷி. குருவி கண்கலங்கி, "ரொம்ப தேங்க்ஸ் அக்கா" என்றாள். சாவியக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. நாம் இல்லாவிட்டால் வார்டு நாறும், குருவியின் சாயம் வெளுக்கும், கண்காணிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டு நம்மைத் தேடுவார். இரண்டு தடவை அவரைப் பயிற்சிக்குப் போகவிடாமல் செய்ததே 'நீங்கள் இல்லாமல் நடக்காது' என்ற அந்தப் பேச்சுதான். அதையே நிரூபிக்க இப்போது கங்கணம் கட்டிக்கொண்டார். பொறாமை கண்ணை மறைத்தால் இப்படித்தான்.

லீவு மதியத்திலிருந்து. காலை ஷிஃப்ட் முடிந்து குருவியிடம் வார்டை ஒப்படைத்தார். கடும் வலிக்குப் போடும் ஊசிமருந்து தனி அலமாரியில் பூட்டியிருக்கும். ஷிஃப்ட் மாறும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எண்ண வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அந்தச் சாவி கைமாற வேண்டும். இரண்டு பேரும் எண்ணினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளி வாந்தி எடுக்க, குருவி ஓடினாள். சாவியக்கா அலமாரியைப் பூட்டினார். மற்றச் சாவிகளை மேஜைமேல் வைத்தார். அந்தத் தனி அலமாரிச் சாவி மட்டும் உடுப்புப் பையில் விழுந்தது.

நர்ஸ் வேலை பார்க்கும் எவளும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மருந்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பாதி வழியில் கை பட்டதும் உயிர் போய் உயிர் வரும். சாவியக்காவுக்கும் பஸ் ஸ்டாப்பில் கை பட்டது.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அவர் கணவரே சொன்னார். அவர் பஸ் ஓட்டுகிறவர். அன்று அவருக்கு ஓய்வு நாள்.

சாவியக்கா உடுப்பைக்கூட மாற்றாமல் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க போன்ல இருந்து எனக்கு ஒரு தடவ அடிங்க" என்றாராம்.

"எதுக்கு? பக்கத்துலதானே இருக்கேன்."

"அடிக்குதான்னு பாக்கணும். அடிங்களேன்."

அடித்தது. வைத்துவிட்டார். சாயங்காலம் ஒரு தடவை உண்மையாகவே மணி அடித்தபோது பாய்ந்து எடுத்தார். யாரோ வீட்டுமனை விற்கிறவன். அவனுக்கு அன்று விழுந்த திட்டில் அவன் அந்தத் தொழிலையே விட்டிருப்பான்.

கணவர் மேஜைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார். "இது என்னது?"

"மருந்து அலமாரி சாவி."

"இது இங்க இருந்தா அங்க மருந்தை எப்படி எடுப்பாங்க?"

"அதான் போன் பண்ணுவாங்கன்னு சொல்றேன்ல?"

"ஏய், நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்கன்னு புரிஞ்சுதான் பேசறியா? கிளம்பு, நான் கொண்டு விடறேன்."

"அவ கூப்பிடட்டும். கூப்பிட்டா போறேன்" என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் வரவேயில்லை.

போன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வார்டில் இருந்தேன். நாலு மணி சுமாருக்கு, தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு தையல்காரம்மாவைப் பதினாலாம் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்தின் பிடி விட்டது. அந்த அம்மா கத்தவில்லை. போர்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டார். குருவி அலமாரிக்கு ஓடினாள், சாவியைத் தேடினாள், எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அக்காவுக்கு போன் பண்ணுடி" என்றேன்.

"அக்கா வீடு ஒரு மணி நேரம் தள்ளி இருக்கு. அவங்க வர்ற வரைக்கும் இவங்க தாங்குவாங்களா? அதுவும் அக்கா முதமுதலா லீவு போட்டிருக்காங்க. பதறிப் போயிடுவாங்க. நீங்க பக்கத்து வார்டுக்கு ஓடுங்க, நான் டாக்டரை வரச் சொல்றேன்."

டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் பக்கத்து வார்டில் தர மாட்டார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். எல்லாம் கூடி வர அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் குருவி தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து பூட்டியிருக்கும்மா, சாவி எங்ககிட்ட இல்ல, வேற இடத்துல இருந்து வந்துட்டிருக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, லீவில் இருக்க வேண்டிய சாவியக்கா வந்து நின்றார். இரவு முழுக்கத் தூங்காத முகம். நாங்கள் அந்த ஐந்து நிமிஷப் பேச்சுக்காக நின்றுகொண்டிருந்தோம். விஷயம் கேள்விப்பட்டு கண்காணிப்பாளரும் வந்திருந்தார்.

பதினாலாம் கட்டிலில் நடந்ததைச் சொல்லிவிட்டு, "சாவி போனது என் தப்பு மேடம்" என்றாள் குருவி. "எண்ணிப் பாத்து கையெழுத்து போட்டேன். சாவியைக் கேட்டு வாங்கல. வாங்கறவங்கதான் கேக்கணும்."

கண்காணிப்பாளர் தலையசைத்தார். அதோடு முடிந்திருக்கும். சாவியக்கா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், மறதியில் நடந்த தவறு, அதுவும் குருவியின் தவறு என்று போயிருக்கும். நாற்காலிகூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் அவர் முகம் சிவந்துவிட்டது.

"அது எப்படிடி உன் தப்பாகும்? நல்ல பேரையும் நீயே எடுத்துக்கற, கெட்ட பேரையும் நீயே எடுத்துக்கற. எனக்குன்னு எதையாவது மிச்சம் வைக்கிறியா நீ?"

கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் மேடம் கொண்டு போனேன். பஸ் ஸ்டாப்புல கை பட்டுச்சு. நின்ன இடத்துல இருந்து நம்ம கேட் தெரியுது. திரும்பி நடந்திருக்கலாம். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

"ஏன்?" என்றார் கண்காணிப்பாளர்.

"வயித்தெரிச்சல்."

உலகத்தில் மன்னிப்புக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. பொறாமையைப் பொறுக்க முடியாமல் ஒப்புக்கொண்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

கண்காணிப்பாளர், "உங்களை ரெண்டு தடவ அனுப்பாம விட்டேன். நீங்க இல்லாம இந்த வார்டு நடக்காதுன்னு நினைச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் மேடம் நினைச்சேன். நடந்துடுச்சு."

எழுத்தில் விளக்கம் தர வேண்டும், விசாரணை முடியும்வரை பொறுப்பு குருவியிடம் இருக்கும் என்று சொல்லப்பட்டது. நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச என்ன இருந்தது? சாவியக்கா கைப்பையிலிருந்து அந்த ஒற்றைச் சாவியை எடுத்து நீட்டினார். குருவி கையை நீட்டாமல் அழுதுகொண்டு நின்றாள். அவள் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் சாவியை அழுத்தி வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"அந்தம்மாகிட்ட நான் சொல்லிக்கறேங்கா" என்றாள் குருவி. தவறு நடந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"அதையாவது எனக்கு விடு."

பதினாலாம் கட்டிலருகே போனார். நான் அடுத்த கட்டிலில் காய்ச்சல் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். அந்தக் கட்டில்காரருக்குக் காய்ச்சலே கிடையாது.

"நேத்து உங்க மருந்து பூட்டிக் கிடந்தது என்னாலதாம்மா. சாவியை நான்தான் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். வேணும்னேதான் கொண்டு போனேன். இங்க ஒருத்தி மேல இருந்த கோபத்துல."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கத்துவார், நாலு வார்த்தை கேட்பார் என்று நான் நினைத்தேன். கத்தியிருந்தால் சாவியக்காவும் தாங்கியிருப்பார்.

"ரொம்ப வலிச்சுதும்மா" என்றார் அவர்.

சாவியக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று மதியத்திலிருந்து குருவியை நினைத்தார், போனை நினைத்தார், நாற்காலியை நினைத்தார். கட்டிலில் ஒருத்தி கிடந்ததை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு அவரைத் திட்டவும் வேண்டும் போலிருந்தது, போய்ப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது.

தையல்காரம்மா உதட்டை நனைத்துக்கொண்டு, "இப்ப மறுபடி ஆரம்பிக்குது. இன்னிக்கு ஊசி நேரத்துக்கு வருமா?" என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது.

சாவியக்காவின் கை தன்னால் இடுப்புக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

"கேட்டுட்டு வரேம்மா" என்றார்.

வார்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, எல்லாக் கட்டிலும் பார்க்க நடந்து வந்தார். குருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அந்த வார்டில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத குரல் இரண்டு தடவை வராமல், மூன்றாம் தடவை வந்தது.

"பதினாலுக்கு வலி ஆரம்பிச்சிருக்கு. கொஞ்சம் அலமாரியைத் திறந்து குடுக்கிறீங்களா, சிஸ்டர்?"