நம்பர் இல்லாத துப்பாக்கி

மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவோம். காய் பிடிக்கும் சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்துவிடும். தகரத் தட்டைத் தட்டினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் அங்கே தோண்டும். துப்பாக்கியை வானத்தைப் பார்த்து ஒரு தரம் வெடித்தால் மட்டும் கொஞ்ச நாளைக்கு வராது. அப்பா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ். அந்த வெடியை நம்பித்தான் வருசா வருசம் விதை வாங்குவோம்.

எங்கள் ஊரில் இரும்பு நிற்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பீரோ கைப்பிடி எல்லாம் உப்புக் காற்றில் பொரிந்துவிடும். அந்தத் துருவை யாரும் தேய்க்க மாட்டோம். எண்ணெய் தடவி அப்படியே விட்டுவிடுவோம். தேய்த்தால் துருவோடு இரும்பும் சேர்ந்து வந்துவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துப்பாக்கிக் குழலும் அப்படித்தான் செதில் செதிலாக இருந்தது. அதனால் எந்தக் குறையும் இல்லை. தோளில் வைக்கும் மரக் கட்டைதான் பிளந்துவிட்டது.

உப்பு வாரி வாரி என் வலது தோள் தேய்ந்துபோயிருக்கிறது. வெடித்தால் உதைக்கிற உதையை அது தாங்காது. எப்படியும் புதுக் கட்டை போட வேண்டும், இடது தோளுக்குத் தோதாகப் போட்டு, முனையில் ரப்பரும் வைத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். இந்த ஒரு நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

துப்பாக்கி பழுது பார்க்கும் கடை உள்நாட்டில் ஒரு டவுனில் இருந்தது. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். கண்டக்டர் சாக்கைப் பார்த்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் லைசென்ஸ் இருக்கும்போதே அப்படி.

கடைக்காரர் என்னைவிட வயதில் சின்னவர். எனக்கு எதிரே நின்று அளவெடுத்தார்.

"இடது தோளு தம்பி. மறந்துடாத."

"சரிண்ணே."

"கட்டை இடது பக்கம் வளையணும்."

"எத்தினி வாட்டிண்ணே சொல்லுவ? என் பொண்டாட்டி கூட இப்டி நச்சு பண்ணாது."

திரும்ப வாங்கப் போனபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தேக்குக் கட்டை பளபளத்தது. குழல் கண்ணாடி மாதிரி வழவழவென்று, கன்னங்கரேலென்று இருந்தது.

"இன்னா துருண்ணே அது! மிஷின்ல போட்டுத் தேய்க்கத் தேய்க்க வந்துனே இருக்குது. வுடலையே நான். கல்யாண மாப்ள மாதிரி இருக்குது பாரு" என்றார் அவர்.

திருப்பிப் பார்க்கத் துணிவில்லை. தோளில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊரில், கடைத்தெருவில், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பயம். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இத்த வெச்சி பன்னி வெரட்டப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

இடது தோளில் வைத்தேன். கன்னம் கட்டையில் உட்காரவே இல்லை. கட்டை வலது பக்கம் வளைந்திருந்தது. எதிரே நின்று அளவெடுத்தவர் தன் இடது பக்கத்தை என் இடது பக்கமாக வைத்து அறுத்திருக்கிறார். எனக்கு அழுகை வராத குறை. அவள்தான் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏயா, இதுல நம்பர் இருக்குமே. எங்க?"

குழலின் அடியில், கட்டையோடு சேரும் இடத்தில் இருக்கும். லைசென்ஸில் எழுதியிருப்பதும் அதே நம்பர்தான். டார்ச் அடித்துப் பார்த்தோம். விரலால் தடவினோம். வழவழப்பைத் தவிர ஒன்றும் இல்லை. துருவை விடாமல் தேய்த்தவர் நம்பரையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்.

மறுநாளே கடைக்குப் போனேன். கடைக்காரர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கட்டைய மாத்திக் குடுத்துர்றேண்ணே."

"கட்டை கெடக்குது தம்பி. நம்பரு?"

"லைசென்ஸ்ல இருக்குதுல்ல? அத்த பாத்து நானே பஞ்ச் அடிச்சிர்றேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"அது கேஸாச்சே! தேய்ச்சது நீதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, போதும். ஸ்டேஷன்ல காட்டிக்கிறேன்."

"எழுதிக் குடுத்தா என் கடைய மூடிருவாங்கண்ணே. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஏழாவதோடு நின்றவன். அதட்டிக் கேட்க எனக்கு வராது. துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"நேரா ஸ்டேஷன்ல போயி சொல்லிடு. நீ இன்னா திருடுனியா?" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது சரி. ஆனால் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். உள்ளே இருப்பவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். எப்படி ஓட்டினாலும் நான் திருடனாகத்தான் முடிந்தது. அந்தப் பருவத்தில் துப்பாக்கியை வெடிக்கவும் பயம். சத்தம் கேட்டு யாராவது வந்து வாங்கிப் பார்த்தால்? பன்றிகள் பாதி நிலத்தை உழுதுவிட்டன. வரப்பில் உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன்.

அப்புறம் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்த பிறகு திரும்பத் தருவார்கள். ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது. இனி ஒளிய வழியில்லை.

ஏட்டு நல்ல மனிதர். அப்பாவைத் தெரிந்தவர். "புதுசாட்டம் வெச்சிருக்கியே" என்று சொல்லிக்கொண்டே லைசென்ஸைப் பிரித்தார். குழலைத் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார்.

"நம்பர் எங்கய்யா?"

எத்தனையோ நாள் ஓட்டிப் பார்த்த பதிலையெல்லாம் விட்டுவிட்டு, "தேஞ்சிடுச்சிங்க" என்றேன்.

"நம்பரு தேயுமாய்யா?"

கடையைச் சொன்னேன். ரசீதைக் காட்டினேன். ரசீதில் 'கட்டை மாற்ற' என்று மட்டும்தான் இருந்தது. ஏட்டு அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டார். கட்டை மட்டும்தான் மாற்றினேன், குழலைத் தொடவே இல்லை என்று கடைக்காரர் சொல்வது எனக்கே கேட்டது. குரல் நடுங்கவில்லை. பஞ்ச் அடித்துக் கொடுக்கிறேன் என்றபோது சரி என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேனோ என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

"இது அந்த லைசென்ஸ் துப்பாக்கிதான்னு நான் எப்டிய்யா நம்பறது? அத்த வித்துட்டு இத்த கொண்டாந்தியான்னு இன்ஸ்பெக்டர் அய்யா கேப்பாரு."

"எங்கப்பாது சார் அது. உங்களுக்குத் தெரியுமே."

"உங்கப்பாவத் தெரியும். துப்பாக்கியத் தெரியாதே."

பெஞ்சில் உட்காரச் சொன்னார். வெகுநேரம் கழித்து என் மனைவி சோற்றுத் தூக்கோடு வந்தாள். மேசை மேல் கிடந்த துப்பாக்கியையும் என்னையும் பார்த்தாள். அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எழுந்து வாயா. துப்பாக்கி இங்கியே கெடக்கட்டும். நமக்கு அது வாணாம்" என்றாள்.

நான் எழுந்தேன். ஏட்டு தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே சொன்னார்:

"நீ போம்மா. அவரு இருக்கட்டும்."