அசையாமல் கிடக்கப் பழகியவள்

பிள்ளைகளின் மூளை வளர்வதை ஆராய்கிறவர்கள் என் பேத்தியையும் ஸ்கேனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூளையின் ஒவ்வொரு பகுதியையும் அளப்பார்களாம். தலை அசைந்தால் அளவு தப்பிவிடுமாம். அதனால் ஆரியசாலை வீட்டுக் கூடத்தில் அவள் படுத்துப் பழகினாள். மெஷின் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு, தலை ஆடாமலிருக்க ஒரு துணிக்கட்டு. கால் பெருவிரல்களையும் சேர்த்தே வைத்திருந்தாள். என் அண்ணனைக் கடைசியில் இப்படித்தான் கிடத்தினோம். சாலைச் சந்தைக் கடைகளில் மூட்டை தூக்கியவன், உயிரோடிருந்தவரை ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை.

"காலை அகத்தி வச்சுப் படு, மக்ளே," என்றேன். அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படம் எடுத்தார்கள். இரண்டு அளவும் ஒத்துவந்தால்தான் நம்புவார்களாம்.

"ஒட்டும் அசையல, துளிகூட அசையல, மிடுக்கிப் பொண்ணு! தாத்தாதான் வெளிய நின்னு ஆடிட்டிருந்தது," என்று ஸ்கேன் எடுத்த பெண் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி சாப்பிடாமல் பாயில் நேராகப் படுத்துவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு படவில்லை. பதறித் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண் திறக்காமல் உதடு மட்டும் அசைந்தது.

"தொடாத தாத்தா. இன்னும் அளந்துட்டிருக்காங்க."