அப்பா பிணமாக நடித்த படம்

என் அம்மா மாலா சீரியலில் யாரையும் சாக விடமாட்டாள். ஒரு பாத்திரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் போதும், "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பில் பால் இருக்காது. அழுகைச் சத்தம் ஓய்ந்து விளம்பரம் வந்த பிறகுதான் திரும்பி வந்து உட்காருவாள். நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்கவும் மாட்டாள். மறுநாளிலிருந்து அந்த ஆள் ஏதோ வெளியூர் போயிருப்பது போலவே நினைத்துக்கொண்டு மீதிக் கதையைப் பார்ப்பாள்.

நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் படிக்கிறேன். தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரிலிருந்து, ஊரிகம் ஸ்டேஷனில் தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய்வருகிறேன். வீட்டில் ஒருவரைப் பிடித்து, அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார், எதை அடுத்தவருக்கு அனுப்புகிறார் என்று கவனித்து எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் பேராசிரியர். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அப்பா பாபுவும் அதே ரயிலில்தான் பெங்களூர் போகிறார், அங்கே அபார்ட்மெண்ட் ஒன்றில் வாட்ச்மேன். அவர் பார்ப்பதெல்லாம் கேமரா திரையில் வந்துபோகிற கார்கள்தான், அதை வைத்து என்ன எழுதுவது?

அம்மாவிடம் எழுத நிறைய இருந்தது. காலையில் எழுந்ததும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அங்கன்வாடியில் சமைக்கும்போது போனில் பழைய பாட்டு. சாயங்காலம் சமையல் வீடியோ போட்டு, "இவளுக்கு இன்னா தெரியும்" என்று அந்த அம்மாளைத் திட்டுவது. பிறகு தமிழில் ஒரு சீரியல், கன்னடத்தில் ஒன்று. போனில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். இந்தப் பூக்களை அழிக்கலாம் என்றால் விடவே மாட்டாள். ஒருத்தர் ஆசையாக அனுப்பியதை எப்படி அழிப்பது என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

சாவுக் காட்சியில் அவள் எழுந்து போவதற்குக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அப்பா கோவிந்தன் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் செத்துப்போனார். அம்மா அப்போது பள்ளிக்கூடம் போகும் பெண். துணி சுற்றி மேலே கொண்டுவந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இனி படத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு சினிமாக்காரர்கள் வருவது புதிதல்ல. சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கும் சயனைடு மேடு அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு படத்தில் அது பாலைவனம், இன்னொன்றில் வில்லனின் கோட்டை. எங்கள் ஊரை எங்கள் ஊராக மட்டும் காட்ட மாட்டார்கள். எங்கள் ஜனங்களோ குடும்பத்தோடு போய், அதோ நம்ம மேடு என்று கைதட்டிவிட்டு வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஒரு படத்துக்குச் சுரங்கத் தொழிலாளிகளாக நிற்க ஆள் கேட்டார்கள். பக்கத்து லைன் வீட்டு சிரில் மாமா ஆள் சேர்த்தார். அப்பாவுக்கு அன்றைக்கு வார லீவு, அவரும் போனார். சுரங்கம் மூடுவதற்கு முன் சில வருஷம் அவர் நிஜமாகவே உள்ளே இறங்கி வேலை செய்தவர். போன இடத்தில் ஒரு உதவி இயக்குநர் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, நீங்க மட்டும் இங்க படுங்க என்றாராம். அப்பாவுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அவரைப் பற்றி இதைவிட முக்கியமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணியால் முகத்தையும் மூடி, மாலை போட்டு, கால் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி படுக்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் நின்றேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் படம் வெளிவந்து, போனிலும் வந்துவிட்டது. அன்றைக்கு ரயிலில் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். மகள் படிப்பதே போனைப் பற்றித்தான் என்பது அவர் எண்ணம்.

"உங்கம்மா கண்ணுல அது மட்டும் படக்கூடாது நிவி. தாங்க மாட்டா" என்றார்.

அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி என்றேன். அன்றிலிருந்து நான் அம்மாவின் போனுக்குக் காவல். சிரில் மாமாவின் ஸ்டேட்டஸ் அவளுக்குத் தெரியாதபடி செய்தேன். ஊர்க் குழுவிலிருந்து அவளை வெளியே எடுத்தேன். ஏன் யாரும் ஒன்றும் அனுப்புவதில்லை என்று கேட்டாள். டவர் சரியில்லை என்று புளுகினேன்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காட்சியை உற்றுப் பார்த்திருக்கிறான். சுரங்க வாசலில் பிணம் கிடக்கிறது. சுற்றிலும் அழுகை. பின்னால், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் இறங்கப்போகிறது என்று மணி அடிக்கிறது. உடனே பிணத்தின் கால் கட்டைவிரல் மடங்குகிறது! கேஜ் கீழே பாயும்போது வயிறு தொண்டைக்கு வரும் என்றும், விரலை மடக்கி ஊன்றிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும் என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். மணி கேட்டதும் விரல் தானாக மடங்கிவிட்டது. படம் எடுத்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் கவனிக்காமல் விடுவார்களா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி ரீலாகப் போட்டுவிட்டார்கள். இன்னா பாபு, எழுந்துட்டியா என்று கடைத்தெருவில் அப்பாவை ஓட்டித் தள்ளினார்கள். அது என் வகுப்புவரை வந்தது. படமாக்கலில் நேரும் கவனக்குறைவுக்கு நல்ல உதாரணம் என்று பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கால் என் அப்பாவுடையது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கறி வாங்கப் போயிருந்தார். நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த போனிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் அழுகை, மறுபடி மணி. அங்கன்வாடி டீச்சர் அமலா, உங்க வீட்டுக்காரர் காலாமே என்று எழுதி அனுப்பியிருந்தார். அவரைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போனைக் கொடு என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"எங்கப்பாவ இப்பிடித்தான் படுக்க வச்சிருந்தாங்க. மூஞ்ச காட்டல. காலு மட்டும் வெளிய தெரிஞ்சுது. அசையுதா, அசையுதான்னு அதையே பாத்துனு இருந்தேன். எல்லாரும் அழுவறாங்க, நான் அழுவல. பாத்துனே இருந்தேன். அசையவே இல்ல."

திரும்பவும் ஓடவிட்டாள். மணி அடித்தது. அப்பாவின் விரல் மடங்கியது.

"இது அசையுது பாரு" என்றாள்.

இவ்வளவு நாள் எதிலிருந்து இவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை விலக்கிவிட்டு, இது காணாமல் போய்விடாதபடி எடுத்து வை என்றாள். போனில் இடமில்லையே என்றேன்.

"பூவெல்லாம் எடுத்துடு."

எல்லாவற்றையுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும்தான் என்றாள். ரோஜா, தாமரை, ஆவி பறக்கும் காபிக் கோப்பை எல்லாவற்றையும் அழித்தேன். அம்மா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரீல் போனுக்குள் வந்து உட்கார்ந்தது.

அப்பா வரும்போதும் மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் கறிப் பை, முகத்தில் மாட்டிக்கொண்ட பையனின் முழி. சிரில்தான் கூப்பிட்டான் என்று ஏதோ ஆரம்பித்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"இன்னாங்க, இங்க வந்து உக்காருங்க. கால நீட்டுங்க."

அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பயந்துகொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். அம்மா அந்தக் கட்டைவிரலைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.

"மணி அடிச்சா சும்மா இருக்க மாட்டீங்களா?"

"பழக்கம் மாலா."

"இருக்கட்டும். அந்தப் பழக்கம் போவாம இருக்கட்டும்."

அடுப்பில் அன்றைக்கு நிஜமாகவே டீக்குப் பால் வைத்திருந்தாள். அது பொங்கி வழிகிற வாசனை கூடம்வரை வந்தது. அம்மா எழுந்து போகவில்லை. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.