வெள்ளம் என்று எழுதிய வரி

என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி நாள் முழுக்க, "ஏட்டி, இத்திரி வெள்ளம் தா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கொடுக்கவில்லை. மறுநாள் அவர் இல்லை.

அதன் பிறகு எழுதியதுதான் அந்த நாவல். வேணாட்டு ராஜா காலத்துக் காதல் கதை. வாரப்பத்திரிகையில் தொடராக வந்தது. போரில் வெட்டுப்பட்ட வீரன் வெள்ளம் கேட்பான். முன்பின் தெரியாத ஒருத்தி உள்ளங்கையில் ஏந்திக் கொடுப்பாள். காதல் அங்கேதான் தொடங்கும். அந்த ஒரு கைத் தண்ணீருக்காகத்தான் நான் நானூறு பக்கம் எழுதினேன்.

அதை டிவி சீரியலாக எடுத்த சேனலில் நாவலைப் படிக்க யாருக்கும் நேரம் இல்லை. காட்சிக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னார்கள். வடசேரியில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அனுப்பினேன். 'காயம்பட்டவன் வெள்ளம், வெள்ளம் என்று முனகுகிறான். அவள் ஓடி வருகிறாள்.' 'குடிக்க' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அரசாங்கம் கொடுத்த இலவச டிவி முன்னால் நானும் மகளும் உட்கார்ந்தோம். வீரன் எழுந்து நின்று "வெள்ளம்! வெள்ளம்!" என்று அலறினான். கம்ப்யூட்டரில் செய்த ஆறு ஒன்று கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஓடி வந்தவளை அது இழுத்துப்போக, வெட்டுப்பட்ட தோளோடு அவன் குதித்து அவளைத் தூக்கினான். அவள் தலையில் இருந்த மல்லிகை நனையவே இல்லை.

உடனே சேனல்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி சார்!"

"இங்க யாருக்கும் தெரியாது மேடம். ஆனா வெள்ளம் நல்லா ரீச் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு எபிசோடு இழுக்கலாம்னு இருக்கோம்."

போனை வைத்தேன். ஊரே பார்க்கும் கதையிலும் அவனுக்கு அந்தத் தண்ணீர் கிடைக்கப்போவதில்லை. தாங்க முடியவில்லை.

மகள் டிவியை அணைத்தாள். நாவலை அவள் எப்போதோ படித்திருந்தாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அம்மா, ஒரு ஸ்பூன் வெள்ளமாவது குடுத்திருக்கப்பிடாதா?"

"சீரியல்லயா மக்கா?"

"அப்பாவுக்கு."