கல்யாணப் பத்திரிகையில் ஏறிய விமான நிலையம்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறீர்கள். நான் போனது வீடு பார்க்க இல்லை, ஓடுபாதை பார்க்க. எழுபத்தொன்றாம் வருஷம், ஆவணி பிறந்த மறுநாள். மாசக் கடைசியில் எனக்குக் கல்யாணம்.

எல்லாம் எங்க அப்பச்சியால் வந்தது. எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கண்டனூர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தால், கடல் தாண்டி இருக்கிற சொந்தங்களுக்காகக் கீழே வழியும் போடுவோம். எந்தத் துறைமுகம், எந்த ரயில், கார் எங்கே நிற்கும் என்று. அந்தச் சமயம் பார்த்து, உலகப் போர்க் காலத்தில் செட்டிநாடு என்கிற ஊரில் போட்ட பழைய ஓடுபாதையைச் சர்க்கார் பணம் ஒதுக்கி விமான நிலையம் ஆக்கப்போகிறது என்று ஊரில் பேச்சு. யாரோ ஓவர்சியர் வந்து சங்கிலி பிடித்து அளந்தாராம். அப்பச்சிக்கு அது போதும். "விமானத்தில் வருவோர் செட்டிநாட்டில் இறங்கவும். வீட்டுக்குப் பத்து மைல்" என்று அச்சடித்துவிட்டார்.

பினாங்கில் இருந்த எங்க ஆச்சி அதை நம்பிவிட்டாள். எங்க வழக்கத்தில் ஆச்சி என்றால் அக்கா. கல்யாணமாகிப் போய் எட்டு வருஷம். இரண்டு தடவை கரு கலைந்து, அப்போது மூன்றாவது, ஐந்து மாசம். "விமானத்தில் போகலாம், நீண்ட தூரம் ரயில், கார் கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்கிட்டயே பிளேன் வருதாமே தம்பி, வர்றேன்" என்று எனக்கு எழுதினாள். கடிதத்தை வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

அப்போது எனக்கு மெட்ராஸில் வேலை. எழும்பூரில் சாயங்காலம் ரயில். மூன்றாம் வகுப்பு, பதினாலு ரூபாய் சொச்சம். காலையில் காரைக்குடி. ஸ்டேஷன் வாசலில் சுல்தான் என்பவருடைய டாக்ஸி. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய்.

"எங்குட்டுப் போகணும்?"

"ஏரோட்ரோமுக்கு."

"யாரை ஏத்திவிடப் போறீக?" என்றார். சிரிக்கவே இல்லை.

ஒன்பது மைலுக்கு நாற்பது நிமிஷம். ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் ஆச்சி ஞாபகம்தான். அங்கே போனால் பொட்டல், நடுவே நீளமாகச் சிமெண்டுத் தளம், தளம் முழுக்கக் கடலை காய்கிறது. ஓரத்தில் நட்ட அளவுக்கல்லில் ஒரு ஆடு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. கடலையைக் கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அளந்தாக, கல்லு நட்டாக, போயிட்டாக. பணம் வந்ததும் வாரோம்னாக." அப்புறம் என் சட்டையைப் பார்த்து, என்னையும் ஆபீஸ்காரன் என்று நினைத்துவிட்டாள் போல. "கடலை காயிற மட்டும் பிளேன் வராதுல்ல? எடுக்கச் சொல்லாதீக."

"வராதும்மா, நிம்மதியா காயப் போடுங்க" என்றேன்.

கண்டனூர் போய் அப்பச்சியிடம் சொன்னேன். "அவ மெட்ராஸ்ல வந்து இறங்கட்டும்டா. அப்புறம் வராம எங்க போயிருவா? மெதுவா கார்ல கூட்டியாந்துரலாம்" என்றார். அவருக்கும் மகளைப் பார்க்கிற ஏக்கம். எனக்கு மட்டும் இல்லையா? சுல்தானைக் காரைக்குடித் தபாலாபீசுக்கு விடச் சொன்னேன். "விமானம் இல்லை. வரவேண்டாம்" என்று தந்தி கொடுத்தேன். கல்யாணம் முடிகிற வரைக்கும் அப்பச்சி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மணவறையில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகள் நின்றாள்.

தை மாசம் ஆச்சிக்குப் பெண் குழந்தை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், கடை, வியாதி என்று ஏதாவது ஒன்று. அவள் வரவே இல்லை, நானும் போய்ப் பார்க்கவில்லை. அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நீங்கள் போவதானால் திருச்சியிலோ மதுரையிலோ இறங்குங்கள், அங்கிருந்து கார்தான். பங்குனி, சித்திரை வெயில் ஆகாது, மார்கழி, தை நல்லது. ஓடுபாதைக்குப் பணம் ஒதுக்கப்போவதாக இப்போதும் அவ்வப்போது செய்தி வரும். கண்ணால் பார்க்கும் முன் யாருக்கும் வழி எழுதிவிடாதீர்கள்.

போன வருஷம் ஆச்சியின் மகள் வந்திருந்தாள். அம்மா பெட்டியில் கிடந்தது என்று என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள். பின்பக்கம் பென்சிலில் ஆச்சி கையெழுத்து, எடுத்து வைக்க வேண்டிய சாமான்கள்: "அப்பச்சிக்கு டார்ச் லைட். தம்பிக்குக் கைக்கடிகாரம். முதுகுக்குத் தலையணை வேண்டாம், பத்து மைல்தானே."