வேப்பமரத்தில் தொங்கிய என் பரிசல் தகடு

கோமுகி அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவன் நான். போன ஆனி மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாளில் உயிரே போய்விட்டது எனக்கு!

லைசென்ஸ் புதுப்பித்ததும் பரிசலில் கட்ட ஒரு தகரத் தகடு தருவார்கள். பழைய தகட்டை ஆடி வெள்ளியில் எங்கள் கரை மாரியம்மனின் வேப்பமரத்தில் கட்டிவிடுவோம். பரிசலில் இருக்கும் தகட்டுக்கு வாராவாரம் மஞ்சள் பூசிக் கும்பிடுவோம்.

அன்றைக்கு மீன்துறை அதிகாரி கரைக்கு வந்தார். என் பரிசல் தகட்டின் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார்.

"இது பழைய தகடுங்க. இப்ப உள்ளது எங்க? அஞ்சு மணிக்குள்ள காட்டலன்னா லைசென்ஸ் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கிடைக்கவில்லை. கோபத்தில் மனைவி செல்வி மேல் பாய்ந்தேன்.

"நான் இன்னாத்துக்குய்யா அத எடுக்கப் போறேன்?" என்று அழுதாள் அவள்.

மூன்று மணிக்குக் கோயிலில் போய் விழுந்தேன். "ஆத்தா, தண்ணிய வுட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாதே!" என்று கதறினேன். அப்போது மலைக்காற்று வீசியது. மரத்தில் தகடுகள் கலகலவென்று ஆடின. நிமிர்ந்து பார்த்தேன்.

என் தகடு! இந்த வருஷத்துத் தகடு!

அதற்கு முந்தின ஆடியில் இரண்டுக்கும் மஞ்சளை அப்பி, எண் தெரியாமல் புதியதை மரத்திலும் பழையதைப் பரிசலிலும் கட்டியிருக்கிறேன். மரத்தில் இருந்ததை மழை கழுவி, எண் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் தொடப் பயம். அம்மனுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா?

கோயில் பூசாரியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அவளே காட்டிக் குடுத்துட்டா, இன்னும் இன்னா யோசிச்சிக்கினு நிக்கிற? பழசக் கட்டிட்டு இத எடுத்துக்கினு ஓடு!"

பரிசலில் இருந்த பழையதை மரத்தில் கட்டிவிட்டு, புதியதோடு அதிகாரியிடம் ஓடினேன். நாலரை மணிக்கு லைசென்ஸ் கையில்! நேராக வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு வீட்டில் குரல் உயர்த்துவதை விட்டேன். இப்போது எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகுதான் மஞ்சள் பூசுகிறேன்.

அன்பானவர்களே, எல்லாம் போய்விட்டது என்று தோன்றுகிறதா? ஆத்தா காலடியில் விழுந்து நன்றாக அழுங்கள். அழுது முடித்ததும் தலையை நிமிர்த்திப் பாருங்கள்.