அண்ணன் எடுத்த படங்கள்

என் வீட்டுக்காரருக்கு ஸ்டூடியோவில் போட்டோ எடுப்பது தொழில். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது பொழுதுபோக்கு. அவர் தங்கையின் போனை அவள் புருஷன் தினமும் நோண்டுகிறான் என்று தெரிந்ததும், படத்துக்குள் செய்தியை ஒளித்து அனுப்ப ஒரு வழி செய்து கொடுத்தார். செய்தியைப் பூட்ட ஒரு கம்ப்யூட்டர் சாவி, திறக்க வேறொன்று. அவளிடம் இருந்த சாவி பூட்டத்தான் உதவும். அதை ஊருக்கே கொடுத்தாலும் பயமில்லை. திறக்கும் சாவி இவரிடம் மட்டும்தான்.

“அவன் தலைகீழா நின்னாலும் படிக்க முடியாது” என்று மார்தட்டிக்கொண்டார். வாயைப் பிளந்து கேட்டேன் நான், புத்திகெட்டவள்.

குடும்பக் குரூப்பில் அவள் ரோஜாப்பூ படம் போடுவாள். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டுவார்கள். உள்ளே, “அடிக்கிறார் அண்ணா, வந்து கூட்டிட்டுப் போங்க” என்று இருக்கும்.

“பாரு, ஒரு எழுத்துகூடச் சிதையல” என்பார் இவர். சண்டை என்றாலே மனுஷன் பத்தடி தள்ளி நிற்பார். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். நானாவது பிடரியில் கைவைத்துத் தள்ளியிருக்க வேண்டாமா? அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

செய்தியை ஒளிக்க அவளுக்குக் கொடுத்ததெல்லாம் இவரே எடுத்த படங்கள். பெருமை தாங்காமல் அதே படங்களை ஸ்டூடியோவின் இணையப் பக்கத்திலும் போட்டுவைத்திருந்தார். அவள் புருஷனுக்கு அச்சகத்தில் வேலை. இரண்டு படங்களை ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பே. ஒருநாள் கடைக்கே வந்துவிட்டான்.

“ஒரே படம், மச்சான். குரூப்ல அவ போட்டதும் உங்க பக்கத்துல இருக்கிறதும் உள்ள வேற வேறயா இருக்கு. அவ என்ன எழுதியிருக்கான்னு தெரியல. ஏதோ எழுதியிருக்கான்னு தெரியுது. அவளை ரூம்ல போட்டுப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.”

இவர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, இவரையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவன் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான். தெருவில் நின்று நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். அவ்வளவுதான், பெட்டிப்பாம்பாக அடங்கிக் கதவைத் திறந்துவிட்டான். இத்தனை சுலபமா என்று எனக்கே கூசியது.

ஆட்டோவில் வரும்போது வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“நான் அனுப்பினது எதுவும் உங்களுக்கு வந்து சேரலபோலன்னு நெனச்சுக்கிட்டேன் அண்ணா. வந்திருந்தா நீங்க சும்மா இருந்திருக்க மாட்டீங்களே.”

இவர் வெளியே பார்த்தபடி, “ஆமாம்மா, வரல” என்றார்.

நானும் மறுத்துப் பேசவில்லை.